சறுக்காயி கதையில் நான் திருத்திய சொல்

போன மாதம் ஓர் இளம் ஆசிரியை என் வீட்டுக்கு வந்தார். நான் சேர்த்து வைத்திருக்கும் கதை நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாகச் சொன்னார். நல்ல பெண்; கையெழுத்து புரியாத இடத்தில் எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது, "டீச்சர், இதுல நிறைய பேச்சு வழக்கா இருக்கு. டைப் பண்ணும்போது நல்ல தமிழா மாத்திடவா?" என்றார். "ஒரு எழுத்தத் தொடாதே" என்று நான் போட்ட போட்டில், கையிலிருந்த நோட்டை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டார். பாவம், அவர் என்ன கண்டார். எனக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும். அவரை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருச்சியில் இரண்டு வருஷம் விடுதிச் சாப்பாடு, கரும்பலகையில் கோணாமல் எழுதும் பழக்கம், பிழை திருத்தும் முறை. இந்த மூன்றில் கடைசியை மட்டும் தேவைக்கு மேல் கற்றுக்கொண்டுவிட்டேன். பஸ்ஸில் போனால் கடைப் பலகைகளில் பிழை தேடுவேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமக்களின் பெயருக்கு முன்னால் ஒற்றுப்பிழைதான் கண்ணில் படும். "உனக்கு ஒரு காதல் கடிதம்கூட எழுதாம தப்பிச்சேன்" என்பார் என் கணவர்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு வேலை கிடைத்தது வேப்பந்தட்டைக்கும் பூலாம்பாடிக்கும் இடையிலிருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில். பெரம்பலூரிலிருந்து காலை பஸ், இறங்கி ஒரு மைல் நடை. தலைமையாசிரியர் நல்லதம்பி சார் குள்ளமான மனிதர். அரைக்கை கதர்ச் சட்டை, மடித்துக் கட்டாத வேட்டி. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பாடக்குறிப்பில் தப்பு இருந்தால் நோட்டை நம் பக்கம் திருப்பி வைத்து, அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்கிறவரை விரல் நகராது. கண்டுபிடித்துச் சொன்னதும், "சரிம்மா" என்று விரலை எடுத்துக்கொள்வார். அந்த விரலுக்குப் பிரம்படியே தேவலை என்று ஆசிரியர்கள் நாங்கள் பேசிக்கொள்வோம்.

கதை சேர்க்கும் வேலை தொடங்கியதும் அவரால்தான். ஒரு முறை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அழைத்துப் போயிருந்தோம். அங்கிருந்த குளத்தைக் காட்டி நான் பாடப்புத்தகத் தோரணையில் ஏதோ சொல்லத் தொடங்கினேன். மூன்று பிள்ளைகள் குறுக்கே புகுந்து, அதே குளத்துக்கு மூன்று கதை சொன்னார்கள். மூன்றும் அவரவர் வீட்டில் கேட்டவை. எது சரி என்பதுபோல் சாரைப் பார்த்தேன். "மூணையும் எழுதி வைம்மா. எது சரின்னு அப்புறமா பாத்துக்கலாம்" என்றார். அந்த அப்புறம் இன்றுவரை வரவில்லை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

அதற்கு ஒரு முறை வைத்துக்கொண்டோம். கேட்கும்போது ஒரு நோட்டில், பென்சிலால், அவர்கள் சொல்கிறபடியே எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து வேறொரு நோட்டில் மையால், நல்ல தமிழில் எழுத வேண்டும். பிறகு அந்த மை நோட்டை எடுத்துக்கொண்டு கதை சொன்னவரிடமே போய்ப் படித்துக் காட்ட வேண்டும். அவர் சரி என்று தலையாட்டினால்தான் பக்கத்தின் மூலையில் ஒரு டிக். இந்த மூன்றாவது வேலையில் சார் கறாராக இருந்தார். "கத அவங்களுது. நாம எழுதிக் குடுக்கற ஆளு மட்டுந்தான்" என்பார். நல்ல தமிழில் எழுத வேண்டும் என்பதிலும் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. கூலிக்காரர் வீட்டுக் கதையும் பெரிய கோயில் கதையும் ஒரே தமிழில் சரிசமமாக நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். எனக்கோ திருத்துவதற்கு ஒரு சாக்கு கிடைத்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க என்னைப் போல ஆள் கிடைக்காது.

டேப் ரிக்கார்டர் இல்லையா என்று இப்போதைய ஆசிரியர்கள் கேட்கிறார்கள். லெப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டில் இருந்தது. வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். அவர் மனைவி கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார். ஒரு தடவை எனக்கு இரவல் தந்தார். "பத்திரம் டீச்சர், அவங்க இதுக்குள்ளதான் இருக்காங்க" என்று சொல்லித்தான் தந்தார். ஆனால் அந்தப் பெட்டியைப் பார்த்ததும் எங்கள் பக்கத்துப் பெண்கள் ரேடியோவில் செய்தி வாசிப்பவர்கள்போல் விறைத்துக்கொண்டார்கள். எனக்குப் பென்சிலே போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நானாகக் கண்டுபிடித்த தந்திரம் ஒன்றும் உண்டு. கதை சொல்லுங்கள் என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "எங்களுக்கு என்னங்க தெரியும்" என்று எழுந்து போய்விடுவார்கள். நாமே அந்தக் கதையைத் தப்பாகச் சொல்ல வேண்டும். தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எந்த ஊரிலும் மனிதர்களால் முடியாது. அஞ்சலை என்ற பெண்ணிடம் அவர்கள் குலதெய்வம் சறுக்காயியின் கதையை நான் வாங்கியதும் அப்படித்தான்.

அஞ்சலை வீட்டார் பச்சைமலை அடிவாரத்தில் ஒரு குடியிருப்பில் இருந்தார்கள். சொந்த நிலம் கிடையாது. அஞ்சலையும் அவள் வீட்டுக்காரர் முத்துசாமியும் கூலி வேலைக்குத்தான் போவார்கள். ஒரு சனிக்கிழமை கடலை பிடுங்கிக்கொண்டிருந்த காட்டு வழியாக வந்தேன். மற்ற ஆண்கள் சாப்பிட்டு முடித்துப் படுத்திருந்தார்கள். முத்துசாமியும் அவர் பங்காளிகள் இரண்டு பேரும் மட்டும் வெறும் வயிற்றோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணிக்கு அஞ்சலை சோற்றுச் சட்டியோடு ஆடி அசைந்து வந்தாள். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இவ்வளவு நேரங்கழிச்சு வந்தா பசிக்காதாங்க?" என்று முத்துசாமியிடம் கேட்டேன்.

"பசிக்காம இருக்குமா. எங்க வகையறாவுல பொம்பளைங்கள ஏன் நேரமாச்சுன்னு கேக்கறதில்லீங்க. ஓடியான்னும் கூப்புடறதில்ல."

"அது ஏன்?"

"அத ஆம்பளைங்க நாங்க சொல்லக் கூடாதுங்க. அவ சொல்லுவா."

அவள் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போய் என் தந்திரத்தைக் காட்டினேன். "உங்க சறுக்காயி மலை உச்சியிலேர்ந்து குதிச்சாளாமே, அஞ்சலைக்கா" என்றேன். கடலை உடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"குதிச்சாளா? யாரு சொன்னா ஒங்களுக்கு? அண்ணந்தம்பிங்க நாலு பேரு, ஒரே தங்கச்சி. நாலு பேரும் ஏரிக்குள்ள கெணறு வெட்டிக்கிட்டிருக்காங்க. தெனம் உச்சிப் பொழுதுக்குத் தங்கச்சிதான் கஞ்சி கொண்டாருவா. அன்னிக்கு மழ. வெறவு நனைஞ்சு அடுப்பு எரியல. நேரமாயிருச்சு. பசியில அண்ணனுங்க கரையில ஏறி நின்னுக்கிட்டு, ஏன்டி இந்நேரம், ஓடியாடின்னு சத்தம் போட்டாங்க. இவ கலயத்தத் தலையில வெச்சுக்கிட்டு ஓடியாந்தா. பாறையெல்லாம் பாசி. சறுக்கி வுழுந்துட்டா. கெணத்துக்குள்ள போயிட்டா. அவ்ளோதான் டீச்சர்."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். வேற ஒண்ணும் பண்ணல அவ. கலயம் மட்டும் கரையில நிக்குது, ஒரு சொட்டு சிந்தல. அந்தக் கஞ்சிய எவன் குடிப்பான்?"

கிணற்றோரம் ஒரு கல்லை நட்டு, சறுக்காயி என்று பெயர் வைத்தார்கள். வருஷம் ஒரு நாள் கஞ்சி படைப்பார்கள். பெண்கள் குடித்த பிறகுதான் ஆண்கள் குடிப்பார்கள். அந்த வகையறாவில் பிறந்த பெண்ணையும் வாழ வந்த பெண்ணையும் அவசரப்படுத்தக் கூடாது. கதையை ஆண்கள் வாயால் சொல்லக் கூடாது, ஏனென்றால் சத்தம் போட்டது அவர்கள் வாய். நான் அதுவரை எத்தனையோ தெய்வங்களின் கதையை எழுதியிருந்தேன். வாள் எடுத்தவர்கள், தீயில் இறங்கியவர்கள், ஊரைச் சபித்தவர்கள். ஒன்றுமே செய்யாமல் கும்பிடப்படுகிற பெண் இவள் ஒருத்திதான். அந்தக் கதைமேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்துவிட்டது.

பிரியம் வந்தால் சும்மா இருக்க வேண்டியதுதானே. மை நோட்டில் எழுதும்போது 'சறுக்கி' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகளின் சறுக்குமரம் ஞாபகம் வந்தது. ஒரு தெய்வத்துக்கு இது கொச்சை என்று தோன்றியது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நம் பழமொழியே சொல்லியிருக்கிறது. அது நல்ல தமிழ்தான் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. 'சறுக்கி'யை அடித்துவிட்டு, அழகாக, கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்தேன்: வழுக்கி விழுந்தவள்.

அந்தத் தொடரைப் பத்திரிகைகளில் நடத்தை தவறிய பெண்களுக்குத்தான் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் கண் முன்னால் பாறையும் பாசியும் கலயமுமே நின்றன. வேறு அர்த்தம் பக்கத்திலேயே வரவில்லை.

முறைப்படி நோட்டை எடுத்துக்கொண்டு போய் அஞ்சலைக்குப் படித்துக் காட்டினேன். இங்கேதான் என் பெரிய தப்பு. எழுதியிருந்ததை நான் படிக்கவில்லை. 'உச்சி வேளையில்' என்று எழுதியிருந்ததை 'உச்சிப் பொழுதுக்கு' என்றும், 'விறகு ஈரமாகிவிட்டது' என்று எழுதியிருந்ததை 'வெறவு நனைஞ்சு போச்சு' என்றும் போகிற போக்கில் அவள் பேச்சுக்கே மாற்றிப் படித்தேன். அவளுக்குப் புரியட்டும் என்ற நல்லெண்ணம்தான். 'வழுக்கி விழுந்தாள்' வந்த இடத்தில் என் வாய் 'சறுக்கி வுழுந்துட்டா' என்றது. "ஆமா டீச்சர், அதேதான்" என்றாள் அஞ்சலை. நான் டிக் போட்டேன்.

எழுபதுகளின் இறுதியில் பள்ளிக்கு ஆண்டு மலர் போட்டோம். சுற்றுவட்டாரக் கதைகள் பத்தை அதில் சேர்க்கலாம் என்றார் சார். பெரம்பலூரில் ஓர் அச்சகம். எழுத்துக் கோக்கும் பையன் ஈய எழுத்துகளைக் கோத்துக்கொண்டே, "டீச்சர், ஒங்க தலைப்புக்கே மலரு பறந்துரும்" என்று சிரித்தான். பாராட்டு என்று நினைத்து நானும் சிரித்துவிட்டு வந்தேன். முந்நூறு பிரதி அடித்தோம். கதை சொன்ன வீட்டுக்கெல்லாம் இரண்டு பிரதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முத்துசாமி இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்த வைகாசியில் அவர்கள் மகள் வளர்மதிக்கு அரியலூருக்குக் கிழக்கே ஓர் ஊரில் சம்பந்தம் கூடி வந்தது. பையன் சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி ஓட்டினான். பையனின் அப்பா துரைசாமி அதே குவாரியில் எடைமேடைக் கணக்கர். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது முத்துசாமி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு எங்கள் மலரையும் வைத்துக் கொண்டுபோனார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "எங்க கொலசாமி கத பொஸ்தகத்துல வந்திருக்குங்க" என்று பெருமையாக நீட்டினார். துரைசாமி வாங்கிப் பிரித்து, சபையில் எல்லாருக்கும் கேட்கும்படி தலைப்பைப் படித்தார்.

மலரை மட்டும் அவர் வைத்துக்கொண்டார். தாம்பாளம் அப்படியே திரும்பி வந்தது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அஞ்சலை பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். அவள் உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நின்றாள். போனேன். மஞ்சப்பையிலிருந்து மலரை எடுத்தாள்.

"எங்க ஆயி கத இதுல எங்க இருக்குன்னு காட்டுங்க டீச்சர்."

காட்டினேன்.

"மேல பெருசா போட்டிருக்கே, அதப் படிங்க. என்ன எழுதியிருக்கோ அப்படியே படிங்க."

"வழுக்கி விழுந்தவள்" என்று படித்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தபோதுதான் அது என் காதில் விழுந்தது.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னிக்கு நீங்க படிச்சப்ப இது வரலியே டீச்சர்" என்று மட்டும் கேட்டாள். நாற்பது பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, நான் அழுதேன்.

சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை, அதனால் அவரும் நின்றுகொண்டே பேசினார். மலரை வாங்கி மேஜைமேல் வைத்து, தலைப்பின்மேல் விரலை வைத்தார். நான் தப்பைச் சொன்னேன். விரல் நகரவில்லை. "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி நானும் இதப் படிச்சேன். தலைப்பு நல்லா இருக்குன்னு நெனச்சேன்ம்மா" என்றார். பிறகு அஞ்சலையைப் பார்த்து, "தப்பு எங்க ரெண்டு பேரோடதும். நாங்க போயிச் சொல்றோம்" என்றார்.

அன்று மாலை அஞ்சலை வீட்டுக்குப் போனேன். வளர்மதி என்னிடம் ஐந்தாவது வரை படித்தவள். மலர் வந்த அன்றே அவள் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறாள். "நீ பாத்தியே, அம்மாகிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"டீச்சர் எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். நெசத்த எங்ககிட்ட மறச்சிட்டாங்கபோலன்னு இருந்துட்டேன்."

கல்யாணம் நின்றது ஒரு பக்கம். பெற்ற மகளே தன் குலதெய்வத்தைப் பற்றி அம்மா சொன்னதை நம்பாமல், நான் எழுதியதை நம்பினாள்.

அஞ்சலை எங்களோடு வரவில்லை. பெண்ணைப் பெற்றவள் போய் வாசலில் நிற்பது மரியாதை இல்லை. சாரும் நானும் அந்தச் சனிக்கிழமை பெரம்பலூர் போய், அங்கிருந்து அரியலூர் பஸ் பிடித்து, பதினோரு மணிக்கு அந்த ஊரில் இறங்கினோம். மரம், கூரை எல்லாம் குவாரிப் புழுதியில் வெளுத்திருந்தன. துரைசாமி மரியாதையாகத்தான் நாற்காலி போட்டார். சார் மலரை எடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். நான் பென்சில் நோட்டைக் கொடுத்தேன். துரைசாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'சறுக்கி வுழுந்துட்டா' என்ற வரியை நிதானமாகப் படித்தார்.

"அச்சுல ஏறினது பெருசா சார், பென்சில்ல எழுதினது பெருசா? பென்சில ரப்பர் போட்டு அழிச்சு எப்ப வேணா மாத்தலாம்."

"அச்சுல இருக்கறது நாங்க எழுதினதுங்க. பென்சில்ல இருக்கறதுதான் அந்த அம்மா சொன்னது."

"சரி, சறுக்கினா என்ன, வழுக்கினா என்ன. வுழுந்தவ வுழுந்தவதானே."

சார் பென்சில் வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். துரைசாமி வெற்றிலை போட்டார். அந்த விரல் தோற்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எழுந்து வந்துவிட வேண்டியதுதான் என்று பையை எடுத்தேன்.

துரைசாமியின் மனைவி மருதாயி இதையெல்லாம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குவாரியிலிருந்த மகனுக்குச் சோறு கொண்டுபோகத் தூக்குச்சட்டியோடு கிளம்பி நின்றவர். "டீச்சரு, அவ எதுக்கு ஓடுனா?" என்று கேட்டார்.

சார் வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தார். ஆண்கள் சொல்லக் கூடாத கதை அது. நான் சொன்னேன். என் தமிழில் சொல்லவில்லை. அஞ்சலை சொன்ன வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னேன். அப்படி நான் ஒரு கதையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுப்பு எரியாத இடம் வந்தபோது மருதாயி தலையாட்டினார். துரைசாமி பொறுமை இழந்து, "நேரமாவுதுல்ல. பய காத்துக்கிட்டிருப்பான், கெளம்பு, ஓடு" என்றார்.

மருதாயி தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இருங்க. டீச்சரு சொல்லி முடிக்கட்டும்."

முடித்தேன். கஞ்சிக் கலயம் சிந்தாமல் நின்றதைச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வகையறாவில் பெண்களை யாரும் ஓடச் சொல்வதில்லை என்றேன். மூன்று மணிவரை ஆண்கள் பசியோடு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். மருதாயி என் பக்கம் திரும்பினார்.

"அந்த வழக்கம், பொண்ணு எடுத்த வூட்டுக்கும் உண்டா?"

சார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. துரைசாமி கூரையைப் பார்த்தார்.

"மொதல்ல இவருக்கு, இப்ப பயலுக்கு. இருவது வருசமா இந்தக் குவாரி ரோட்டுல ஓடிக்கிட்டிருக்கேன்" என்றார் மருதாயி. "நானும் ரெண்டு தடவ வுழுந்திருக்கேன். என்னைய யாரும் கும்புடல. எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்."

வீட்டில் யார் சொல்லுக்கு எடை அதிகம் என்பது எடைமேடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கு மோர் வந்தது. வாசல்வரை வந்து வழியனுப்பியபோது துரைசாமி தாம்பாளத்தோடு வந்த மலரை என் கையில் கொடுத்தார். "அச்சுலயும் திருத்திக் குடுத்துருங்க. பத்திரிக்கை வெக்கப் போற எடத்துலல்லாம் நான் வாயால சொல்லிக்கிட்டிருக்க முடியாது" என்றார். அது நியாயம்தான்.

அதனால் முந்நூறு பிரதிகளையும் தேடினோம். எப்படித் திருத்த வேண்டும் என்பதில் சாருக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிப் பதிவேட்டுக்கு என்ன முறையோ அதேதான். சுரண்டக் கூடாது, மையால் பூசி மறைக்கக் கூடாது. தப்பின்மேல் ஒற்றைக் கோடு. மேலே சரியான சொல். பக்கத்தில் திருத்தியவரின் சுருக்கொப்பம். யார் தப்பு, யார் திருத்தினார்கள் என்று நாளைக்குப் படிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்றார். ஒரு பிரதியில் தலைப்பையும் சேர்த்து மூன்று இடம். ஆனியும் ஆடியும் பள்ளி விட்டதும் வீடு வீடாகப் போனேன். பூலாம்பாடியில் ஒரு கடையில் எங்கள் மலரைக் கிழித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மீதி இருந்த பக்கங்களையும் வாங்கித் திருத்தினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இந்த வேலையைத் தொடங்கியதுமே அஞ்சலையிடம் சொல்லப் போனேன். மகள் கல்யாணம் கூடியதில் அவளுக்குச் சந்தோஷம்தான். வாய் நிறைய வாழ்த்தினாள். பிறகு, "டீச்சர், இனிமே எனக்கு எதையும் படிச்சுக் காட்டாதீங்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"நீங்க படிச்சா எனக்கு ஒங்க வாயிதான் கேக்குது. பொஸ்தகம் கேக்க மாட்டேங்குது. எனக்கு அந்த ரெண்டு வார்த்த மட்டும் எப்பிடி இருக்கும்னு காட்டிக் குடுங்க. நான் பாத்துக்கறேன்."

எல்லா எழுத்தும் கற்றுத் தருகிறேன் என்றேன். அவளுக்கு அவ்வளவு வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்து வரும் வழியில், கையில் மண்ணோடு, பள்ளி வாசலில் பத்து நிமிஷம் நிற்பாள். தரையில் இரண்டு சொல்லையும் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டுவேன். 'ச' இப்படி இருக்கும், 'வ' இப்படி இருக்கும். 'று' காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 'ழு' வளைந்து போகும். நான்கு வாரத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அதற்குப் பிறகு நான் திருத்திக் கொண்டுவந்த ஒவ்வொரு பிரதியும் அவள் கைக்குப் போய்த்தான் வந்தது. பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து, ஒவ்வொரு வரியாக விரலால் தடவிக்கொண்டு போவாள். மூன்று இடத்தையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தருவாள். நான் போட்ட டிக் எதையும் அவள் மதிக்கவில்லை. அதுதான் சரி.

கல்யாணம் ஆவணியில் நன்றாக நடந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முந்தி, துரைசாமி கொடுத்தனுப்பிய பிரதியைக் கடைசியாக எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வெற்றிலைக் காம்பின் கறைகூட அட்டையில் அப்படியே இருந்தது. அஞ்சலை தலைப்பைப் பார்த்தாள். அடுத்த பக்கத்தைப் பார்த்தாள். மூன்றாவது இடத்தில் விரல் நின்றது.

"இது வழுக்கியாவே இருக்கு டீச்சர்."

வாங்கிப் பார்த்தேன். ஆமாம். முந்நூறு பிரதி தேடி அலைந்தவள், முக்கியமான இந்த ஒன்றில் ஓர் இடத்தைக் கோட்டை விட்டிருந்தேன். பேனாவைத் திறந்தேன். அஞ்சலை கையை நீட்டினாள். எதற்கு என்று ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் பேனாவைக் கொடுத்தேன்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, மலரை மடியில் வைத்து, அந்தச் சொல்லின்மேல் ஒற்றைக் கோடு இழுத்தாள். கோடு கோணிப் போயிற்று. மேலே எழுதத் தொடங்கினாள். அதுவரை அவள் எழுத்தைப் பார்த்து அடையாளம் கண்டிருக்கிறாளே ஒழிய, எழுதிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தி மூச்சு விட்டாள். நான்கு எழுத்து எழுத வெகு நேரம் ஆயிற்று. நான் அவசரப்படுத்தவில்லை.

எழுதி முடித்து மலரை என் பக்கம் திருப்பினாள். 'சறுககி' என்று இருந்தது. மூன்றாவது எழுத்துக்குப் புள்ளி இல்லை.

"சரியா இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள்.

"சரியா இருக்கு அஞ்சலைக்கா" என்று சொல்லி, பேனாவை வாங்கி மூடிவிட்டேன்.